கண்ணுக்குக் கீழே கறுப்பு

தக்கலை,
21 ஜூலை 1932

அன்பு மகள் நேசபாய்க்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் தாங்கிவருகிறபடி நானும் உன் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், வெள்ளைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. நீயும் மருமகனும் சுகமா என்று வழக்கமாக ஒரு வரி கேட்டுவிட்டு மழை, மாடு, கோயில் என்று அடுத்த செய்திக்குப் போய்விடுவேன். நீயும் சுகம் என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தேயிலை, குளிர், அட்டைக்கடி என்று போய்விடுவாய். இந்தத் தடவை அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை தாளும். அடுப்பில் ஒன்றும் இல்லாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்து வாசி.

என் அக்காள் மகன் ஏசுஅடிமை இலங்கையில் உங்களுக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து லீவில் வந்தானே, வந்த மறுநாளே இங்கே வந்து நீ கொடுத்துவிட்ட தேயிலைப் பொட்டலத்தைத் தந்தான். சாப்பிட உட்கார வைத்து, பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். அவனைத்தான் உனக்குத் தெரியுமே, பந்தலில் தீப்பிடித்தாலும் பந்தி முடிந்த பிறகுதான் நிமிர்ந்து பார்ப்பான். அப்படிப்பட்டவன் இலையிலிருந்து தலையைத் தூக்கி, "நல்லாத்தான் இருக்கா சித்தி. கண்ணுக்குக் கீழதான் கொஞ்சம் கறுத்துக் கெடக்கு" என்று சொன்னான். சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் மீன் குழம்பு கேட்டான். எனக்குக் கரண்டி ஓடவில்லை. அவன் கண்ணுக்கே தெரிகிற அளவுக்குக் கறுத்திருக்கிறது என்றால் பிள்ளை என்ன பாடு படுகிறாளோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பிறகு எவ்வளவு கேட்டும் அவனிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை. மெலிந்திருக்கிறாளா என்றால் சேலை கட்டினவளிடம் எப்படித் தெரியும் என்கிறான். அழுத முகமாக இருந்ததா என்றால், கோயிலில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள், பாடுகிறவள் எப்படி அழுவாள் என்று என்னையே திருப்பிக் கேட்கிறான்.

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. மருமகன் விடியுமுன் பிரட்டுக் களத்தில் ஆள் எண்ணப் போக வேண்டும், அதற்கு முன்னால் நீ எழுந்து ஈர விறகை ஊதிக் காப்பி போட வேண்டும், உறக்கம் போதாமல்தான் கறுத்திருக்கும் என்று ஒரு நேரம் நினைப்பேன். அடுத்த நேரம் சோகையோ என்று பயப்படுவேன். எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்பேன், பிள்ளை அழுகிறாள். உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் பள்ளிக்கூடத்து ஆஜர் புஸ்தகத்திலிருந்து தலையை எடுக்காமல், கண் என்று இருந்தால் அதற்குக் கீழே ஏதாவது இருக்கத்தான் செய்யும் என்றார். இவரிடம் படித்த பிள்ளைகள் எப்படித்தான் தேறுகிறார்களோ.

அப்போதுதான் நான் அந்தப் புத்திகெட்ட காரியத்தைச் செய்தேன். மாதத்தின் முதல் ஞாயிறு இராப்போஜன ஆராதனைக்குச் சுற்றுவட்டாரத்துச் சின்னக் கோயில்காரர்கள் எல்லாரும் இங்கேதான் வருவார்கள், உன் மாமியாரும் வருவாள். அதை நினைக்காமல், உள்ளே போகுமுன் உபதேசியார் யேசுரத்தினத்தைக் கண்டு, இலங்கையில் இருக்கிற பிள்ளைக்காக ஒரு வார்த்தை ஜெபித்துக்கொள்ளுங்கள், கண்ணெல்லாம் கறுத்துப் போயிருக்கிறதாம், அழுகிறாளோ என்னவோ என்று மெதுவாகச் சொன்னேன். ஒரு வார்த்தை என்றுதான் சொன்னேன். அவருக்கு ஒரு வார்த்தையில் நிறுத்த வருமா. பொது ஜெபத்தில் மழைக்கும் மகாராஜாவுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் பிறகு உன் பேர் வந்தது. அன்னிய தேசத்தில், இரக்கமில்லாத கைகளில் அகப்பட்டு, அழுது அழுது கண் கறுத்துப்போன உமது அடியாள் நேசபாயை நினைத்தருளும் என்று தொடங்கினார். ஜெபத்தின் நடுவில் எழுந்து, ஐயா, கைகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லையே என்று சொல்ல முடியுமா? அவர் உன்னை விட்டுவிட்டு ஆகாரிடம் போனார், வனாந்தரத்தில் பிள்ளையோடு அவள் அழுததை எல்லாம் சொன்னார். ஆகாரை வீட்டை விட்டு அனுப்பினது அவள் பிள்ளையின் தகப்பன்தான் என்று வேதம் வாசிக்கிற எல்லாருக்கும் தெரியும். நான் ஒரு கண்ணை மட்டும் திறந்து மெல்லத் திரும்பினேன். பின்பாயில் உன் மாமியார் ராஜமணி இரண்டு கண்ணையும் திறந்து என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெப நேரத்தில் அவள் கண்ணைத் திறந்திருந்தாள் என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது.

வெளியே வந்ததும் தோத்திரம் சொன்னேன், அவள் வாங்கவில்லை. சுற்றிலும் பெண்கள் நின்றார்கள், ஒருத்தியும் நகரவில்லை. குரலை உயர்த்திச் சண்டை போட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன், அவள் மெதுவாகத்தான் கேட்டாள். "மைனி, எம்மவன் ஒம்மவள அழ வச்சான்னா நீ ஆண்டவருக்கிட்ட சொல்லு, இல்லேன்னா எனக்கிட்ட சொல்லு. உபதேசியாருக்கிட்ட என்னத்துக்குச் சொன்ன?" மகனுக்கு இன்றே கடிதம் போடுகிறேன், உன் மகளைக் கொண்டுவந்து உன் முற்றத்தில் விட்டுவிட்டுப் போகட்டும், நீயே அவள் கண்ணை வெளுக்க வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சொன்னபடி எழுதியும் விட்டாள். அந்தக் கடிதம் இதற்குள் உங்கள் கைக்கு வந்திருக்கும். அதை வாசித்துவிட்டு மருமகன் உன் முகத்தைப் பார்த்திருப்பாரே, நீ என்ன சொல்லியிருப்பாய் என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராததற்கு நீ அங்கே பதில் சொல்லும்படி ஆகிவிட்டது. என்னை மன்னித்துக்கொள் மக்கா. அவரிடமும் என் பேரைச் சொல்லி மன்னிப்புக் கேள்.

அந்த வாரம் கோட்டாறு பல்கீஸ் பீவி துணி மூட்டையோடு வந்தாள். துணி பார்க்கிற மனசு இல்லை என்று சொல்லி நடந்ததை எல்லாம் அவளிடம் கொட்டினேன். மூட்டையை அவிழ்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தவள் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, இந்த இருபது வருஷத்தில் உனக்கு ஒரு நீலச் சேலை காட்டியிருக்கிறேனா என்று கேட்டாள். யோசித்தால் இல்லை. பச்சை காட்டுவாள், அரக்கு காட்டுவாள், நீலம் காட்டினதே இல்லை. நீலத்தை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தால் உன் கண்ணுக்கடியில் இருக்கிற கறுப்பு தூக்கிக் காட்டும், நீ வாங்கமாட்டாய், நான் எதற்கு மடிப்பைக் கலைக்க வேண்டும், உனக்கும் சரி உன் மகளுக்கும் சரி, நீலம் மூட்டைக்கு அடியில்தான் என்றாள். கல்யாணத்துக்கு நீலம்தான் வேண்டும் என்று நீ மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாயே, எங்குமே நீலம் வரவில்லை என்று அவள் கையடித்துச் சொன்னாளே, அன்றைக்கு மூட்டையில் நான்கு நீலம் இருந்ததாம்.

அவள் போன பிறகு கண்ணாடியை ஜன்னலோரம் கொண்டுபோனேன். வகிடும் கொண்டையும் பார்த்துவிட்டு வைத்துவிடுகிற கண்ணாடியில் நாற்பத்திரண்டு வயதில் கண்ணைப் பார்த்தேன். மூக்கோரம் தொடங்கி ஒரு விரல் அகலத்துக்கு, நாவல்பழம் தின்ற நாக்கின் நிறம். உன் முகத்தை நினைத்துப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போகும் நாளிலேயே உனக்கும் இருந்திருக்கிறது, தினமும் பார்த்துப் பழகினதால் எனக்குத் தெரியவில்லை. ஏசுஅடிமை புதிதாகப் பார்த்துவிட்டு ஊரைக் கூட்டிவிட்டான். இல்லை, ஊரைக் கூட்டினவள் நான்தான்.

அப்படியும் மனம் ஒப்பாமல், இருமலுக்கு மருந்து வாங்கிவருகிறேன் என்று உன் அப்பாவிடம் சொல்லிக்கொண்டு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மாவைக் கண்டேன். இருமலே இல்லையே என்று உன் அப்பா கேட்கவும் இல்லை. கண்ணுக்கடியில் இருக்கிற தோல்தான் உடம்பிலேயே மெல்லிசாம், அடியில் ஓடுகிற ரத்தம் அதன்வழியாகக் கறுப்பாகத் தெரியுமாம். சில குடும்பங்களில் அது பிறவியிலேயே இருக்கும், உறக்கம் குறைந்தாலும் வரும், ரத்தம் குறைந்தாலும் வரும், புகையில் கண்ணைக் கசக்கினாலும் வரும், அழுதாலும் வரும் என்று சொன்னார்கள். முகத்தைப் பார்த்து எதனால் என்று சொல்ல முடியுமா என்று கேட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே நிறம்தான், ஆளிடம் கேட்டால்தான் தெரியும் என்றார்கள். என் கீழிமையை இழுத்துப் பார்த்து உனக்கு ரத்தம் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். நீயும் பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன்னால் நின்று அப்படி இழுத்துப் பார். உள்பக்கம் செம்பருத்தி இதழாகச் சிவந்திருக்க வேண்டும். வெளிறி இருந்தால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காட்டு, முருங்கைக்கீரை கிடைத்தால் விடாதே. விறகை முந்தின நாளே அடுப்பு மேல் அடுக்கிக் காயவை, கண் எரிந்தால் கசக்காமல் பச்சைத் தண்ணீர் விட்டுக் கழுவு. ஞாயிற்றுக்கிழமையாவது மத்தியானம் ஒரு நாழிகை படுத்து உறங்கு, யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

போன சனிக்கிழமை தைரியத்தை எல்லாம் கூட்டிக்கொண்டு ராஜமணி வீட்டுக்குப் போனேன். அவள் முற்றத்தில் மரச்சீனிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள், உட்கார் என்று சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன், மைனி, நான் வாயைத் திறந்தது தப்பு, உன்னிடம் முதலில் கேட்காதது அதைவிடத் தப்பு, என் முகத்தைப் பார், இது எங்கள் வீட்டுக் கண், உன் மகன் ஒன்றும் செய்யவில்லை என்று. அவள் கத்தியை வைத்துவிட்டு எழுந்து வந்து, கிழங்குப் பால் ஒட்டின கையால் என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள், பெண் பார்க்க வந்த அன்றைக்கே உன் கண்ணைக் கவனித்தாளாம், பிள்ளைக்கு உடம்புக்கு ஏதோ இருக்கிறது போலிருக்கிறது, யோசித்துச் சொல் என்று திரும்பிப் போகிற வழியில் மகனிடம் சொன்னாளாம். அதற்கு மருமகன் சொன்னதை அவள் வாயால் சொன்னபடியே எழுதுகிறேன், "அந்தக் கண்ணுதான் எனக்குப் புடிச்சிருக்கு, நீ சும்ம இரிம்மா" என்றாராம். இதை அவர் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டார், ஆண்பிள்ளைகள் இப்படிப்பட்டதை எல்லாம் அம்மாவிடம் சொல்லிவிட்டு மறந்துவிடுவார்கள். நான் சிரித்தேன், சிரிப்பு எப்படியோ அழுகையாகிவிட்டது, அவளும் முந்தானையை எடுத்தாள். அப்புறம் மரச்சீனியை அவித்து, காந்தாரி மிளகாய் நசுக்கி, இரண்டு பேரும் ஒரே தட்டத்தில் தின்றோம். அவள் எழுதின கடிதத்தை அடுப்பில் போடச் சொன்னாள். ஏற்கெனவே வாசித்திருந்தாலும் போடச் சொன்னாள். மறுநாள் அவள் தன் கோயிலை விட்டு என்னோடு இங்கே வந்தாள். எங்களை ஒரே பாயில் கண்ட உபதேசியார், போன தடவை ஏறெடுத்த ஜெபம் கேட்கப்பட்டது என்று சபைக்கு நடுவே சாட்சி சொன்னார். ராஜமணி என் தொடையில் கிள்ளினாள்.

ஏசுஅடிமை சனிக்கிழமை தூத்துக்குடிக்குப் புறப்படுகிறான். அவன் கையில் உன் மாமியார் தந்த கருப்பட்டி ஒரு ஓலைக் கொட்டானும், என் வகையில் ஏத்தங்காய் உப்பேரியும், மருமகனுக்குக் கம்பளிக் காலுறையும் கொடுத்துவிடுகிறேன். உப்பேரி குறைந்திருந்தால் யார் என்று கேட்க வேண்டாம். கன்றுக்கு இன்னும் பேர் வைக்கவில்லை, நீ எழுதி அனுப்பு என்று அப்பா சொல்கிறார்.

இதுவரைக்கும் எழுதியதை உன் அப்பா வாசித்தார், இரண்டு இடத்தில் பிழை திருத்தினார், இருமல் வந்த இடத்தில் சிரித்தார், பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். இந்தக் கடைசித் தாள் அவர் பார்க்காதது, மருமகனும் பார்க்க வேண்டாம். அதனால்தான் தபாலில் போடாமல் ஏசுஅடிமையிடம் உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறேன். பலகாரப் பொட்டலத்தைத் தவிர வேறெதையும் பிரித்துப் பார்க்கிறவன் இல்லை அவன்.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த வருஷம் நடந்ததை உன்னிடம் நான் சொன்னதில்லை. போர்டிங்கில் படித்து, ஊசியும் நூலும் மட்டும் பிடித்த கை என்னுடையது. வந்த மறுவாரமே பனை அக்கானியைக் கருப்பட்டியாகக் காய்ச்ச விடிலிக்கு அனுப்பிவிட்டார்கள். நீயும் அந்த ஓலைக் குடிசையைச் சின்னதில் பார்த்திருக்கிறாய், உள்ளே அடுப்பு எரிந்தால் புகை போக வாசலைத் தவிர வழி கிடையாது. பதம் தெரியாமல் முதல் பானைப் பாகைக் கருக விட்டேன். அன்றிலிருந்து உன் அப்பாவின் அம்மா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை, பத்து மாதம். அதைச் சாப்பிடச் சொல்லு, அது எங்கே போச்சு என்றுதான் பேச்சு. உன் அப்பா வாத்தியார் படிப்புக்கு நாகர்கோவிலில் இருந்தார், வாரம் ஒரு நாள் வருவார், அன்பாகத்தான் இருப்பார், ஒன்றும் கவனிக்கமாட்டார். நான் விடிலியில் உட்கார்ந்து அழுவேன். அழுவதற்கு அந்தப் புகை வசதி, கண் ஏன் இப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

அந்த நாளில் ஒரு தடவை என் அப்பா எங்கள் ஊர் கொட்டாரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். என் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தார். கேட்பார் என்று நின்றேன். ஏன் மோளே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த வண்டியிலேயே ஏறியிருப்பேன். அவர், "நம்ம வீட்டுக் கண்ணு. எனக்க அக்காளுக்கும் இப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு, ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார். கேட்க மனமில்லாமல் சாக்குச் சொன்னார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். பல்கீஸ் வந்துபோன அன்று கண்ணாடியைப் பார்த்தபோதுதான் அவர் சொன்னது பொய் இல்லை என்று தெரிந்தது. அவர் சொன்னதும் நிஜம், நான் அழுததும் நிஜம். நம் வீட்டுக் கண்ணில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், பார்த்துக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

அதனால் நான் கேட்கிறேன். மக்கா, நீ அழுகிறாயா?

மருமகன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் அப்பாவும் நல்ல மனிதர்தான், நல்ல மனிதர் வீட்டிலும் அழ ஒரு இடம் இருந்தது. நீ அழவில்லை என்றால் என்னை நினைத்துச் சிரித்துக்கொள், எனக்கு அதுவே போதும். உன் கடிதத்தை ஒட்டுமுன் மருமகன் ஒரு தடவை பார்ப்பார், அதில் தப்பில்லை. ஆகையால் நீ விளக்கமாக ஒன்றும் எழுத வேண்டாம். சுகமாக இருக்கிறாய் என்றால் நீலச் சேலை ஒன்று வேண்டும் என்று எழுது. கறுப்பு தெரிந்தால் தெரியட்டும், பல்கீஸின் மூட்டையை அடிவரைக்கும் கலைத்துப் போட்டு நல்லதாக ஒன்று எடுத்து அனுப்புகிறேன். சுகமில்லை என்றால் நார்த்தங்காய் ஊறுகாய் வேண்டும் என்று எழுது. அது உனக்கு வாயில் வைக்க ஆகாது என்பது உலகத்தில் நம் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

ஆண்டவர் உன் பக்கத்தில் இருந்து உன்னைக் காக்கட்டும், உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசீர்வாதம். தலையை ஈரத்தோடு கட்டாதே. இந்தத் தாளை மட்டும் வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடு. ஊறுகாய் என்று எழுதினாயானால் பார்சலுக்குக் காத்திருக்க வேண்டாம், ஜாடியை நானே மடியில் வைத்துக்கொண்டு கப்பல் ஏறுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
பூங்கனி